எந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பது?

பெரம்பூரிலிருந்து ஒரு டீச்சர் எழுதியிருக்கிறார். கடிதம் கொஞ்சம் நீளம், சுருக்கித் தருகிறேன்.

“20 வருடமாக வீட்டு மாடியில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். நான் படித்தது பி.எஸ்சி. கணிதம். என்னிடம் படித்த நான்கு பிள்ளைகள் இந்த வருடம் கல்லூரியில் சேர்ந்திருக்கிறார்கள். இரண்டு பேர் பிசிஏ, ஒருத்தி கணினி அறிவியல், ஒரு பையன் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் அண்டு கம்யூனிகேஷன். ‘மிஸ், இதையும் நீங்களே சொல்லிக்குடுங்க’ என்று வந்து நிற்கிறார்கள். எனக்கோ கம்ப்யூட்டர் என்றால் மின்சார பில் கட்டுகிற அளவுக்குத்தான் தெரியும். கையில் ஐந்து புத்தகம் சேர்ந்திருக்கிறது. பைகிராப்ட்ஸ் ரோட்டில் 120 ரூபாய்க்கு வாங்கிய பழைய சி புத்தகம், முப்பதே நாளில் என்று அட்டையில் போட்ட பைத்தான் புத்தகம், உறவுக்காரப் பையன் கொடுத்த 900 பக்கத் தகவல் தொடர்புப் புத்தகம், கல்லூரி வாசலில் விற்கிற கைடு, அப்புறம் நம் அரசுப் பாடநூல்கள். ஒன்று சொல்வதை இன்னொன்று மறுக்கிறது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள், எந்தச் சோற்றை எடுத்து நசுக்கிப் பார்ப்பது என்றே தெரியவில்லை சார். எனக்கே தெரியாத பாடத்தில் புத்தகம் நல்லதா இல்லையா என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது? சில பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.”

டீச்சர், நீங்கள் கணக்கு டீச்சர் என்பதால் எனக்குப் பாதி வேலை மிச்சம். 26 வருடத்தில் முதல் பாதியைத் தொலைபேசி எக்ஸ்சேஞ்சுக்கு மென்பொருள் எழுதுவதில் கழித்தேன், மீதியை ஓஎம்ஆரில் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பதில் கழிக்கிறேன். அதனால் புத்தகம் பிள்ளைகளை என்ன செய்து அனுப்புகிறது என்பதைத் தினமும் பார்க்கிறேன். என் வழி ஒன்றுதான். தெரியாத பாடத்தின் புத்தகமாக இருந்தாலும், அது உங்களுக்குத் தெரிந்த ஏதோ ஒரு இடத்துக்கு எப்படியும் வந்தே ஆகவேண்டும். கணக்குக்கு வரும், தமிழுக்கு வரும், வீட்டில் இருக்கிற போனுக்கும் வைஃபைக்கும் வரும். அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அங்கே பிடியுங்கள். உங்களுக்குத் தெரிந்த இடத்தில் சொதப்புகிறவர், தெரியாத இடத்தில் மட்டும் சரியாகச் சொல்லியிருப்பார் என்று நம்ப ஒரு காரணமும் இல்லை.

அட்டையையும் எடையையும் ஆசிரியர் பெயருக்குப் பின்னால் இருக்கிற பட்டங்களையும் விட்டுவிடுங்கள். முன்னுரையையும்தான், எல்லா முன்னுரையும் மனைவிக்கு நன்றி சொல்லி முடியும்.

முதலில் சி புத்தகம். நீங்கள் அனுப்பிய படத்தில் முதல் நிரலே (புரோகிராமே) எனக்குப் பழைய நண்பனைப் பார்த்த மாதிரி இருந்தது. மேலே ‘கோனியோ டாட் எச்’, அடுத்து ‘வாய்டு மெயின்’, திரையைத் துடைக்க ஒரு வரி, கடைசியில் ஒரு விசையை அழுத்தும் வரை காத்திருக்க ஒரு வரி. இது சி மொழியின் பொது வடிவம் இல்லை. 1990 வாக்கில் டாஸ் கணினிகளில் ஓடிய டர்போ சி என்ற ஒரு குறிப்பிட்ட மென்பொருளின் பழக்கம். நீலத் திரை, மஞ்சள் எழுத்து, நம் ஊர் லேப்களில் இன்றைக்கும் பார்க்கலாம். சி மொழிக்கு 1989-லேயே தரநிலை வந்துவிட்டது, அதன்படி எழுதும் வடிவம் ‘இன்ட் மெயின்’. உங்கள் பிள்ளைகள் இந்த முதல் நிரலைப் போனில் இருக்கும் செயலியிலோ இன்றைய லினக்ஸ் கணினியிலோ அடித்தால் முதல் வரியிலேயே பிழை என்று வரும், பிள்ளை தன்மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொள்ளும். முதல் நாளே அப்படி நினைத்துவிட்ட பிள்ளையைத் திரும்ப இழுத்து வருவது ரொம்பக் கஷ்டம்.

ஆகவே முதல் சோதனை இது. புத்தகத்தின் முதல் நிரலை அப்படியே, ஒரு புள்ளி மாற்றாமல் அடித்துப் பாருங்கள். ஓடாவிட்டால், ஏன் ஓடாமல் போகலாம், எந்த மென்பொருளுக்காக எழுதியது என்று அந்தப் பக்கத்திலாவது முந்தின பக்கத்திலாவது சொல்லியிருக்கிறாரா என்று தேடுங்கள். சொல்லியிருந்தால் பழைய புத்தகம், அவ்வளவுதான், மன்னிக்கலாம்.

இரண்டாவதாக, எண் வகைகளைப் பற்றிய பக்கம். அங்கே “இன்ட் என்பது 2 பைட், உச்ச மதிப்பு 32767” என்று கல்வெட்டு மாதிரி இருக்கும். பயிற்சிக்கு வந்த ஒரு பையன், நல்ல மதிப்பெண் எடுத்தவன், இதைச் சொன்னான். கணினியிலேயே கேட்டுப் பார்க்கலாம் என்று ஒரு வரி அடித்துக் காட்டினேன், 4 என்று வந்தது. அவன் கொஞ்சநேரம் திரையைப் பார்த்துவிட்டு, “சார், உங்க மிஷின்ல ஏதோ பிரச்சினை” என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. புத்தகத்துக்கும் கண்முன் நடப்பதற்கும் சண்டை வந்தால் புத்தகத்தின் பக்கம் நில் என்றுதான் மூன்று வருடமாக அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். மொழியின் விதி என்னவென்றால் குறைந்தது 16 பிட், அதாவது 2 பைட் இருக்கவேண்டும், அதற்கு மேல் எவ்வளவு என்பது கருவியைப் பொறுத்தது (கருவி என்றால் நிரலை ஓட்டும் கணினியும் மென்பொருளும்). ‘கருவியைப் பொறுத்தது’ என்ற ஒரு வார்த்தை அந்தப் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். நான் முதலில் தேடுவதே அதைத்தான்.

இப்போது உங்கள் ஏரியா. எல்லா நிரல் புத்தகத்திலும் ஃபாக்டோரியல் வரும், தமிழில் தொடர் பெருக்கம் என்று போட்டிருப்பார்கள், 1 முதல் கொடுத்த எண் வரை எல்லாவற்றையும் பெருக்குவது. பெரும்பாலும் 5-ஐக் கொடுத்து, 120 என்று விடை காட்டி, அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்கள். நீங்கள் அங்கேயே நில்லுங்கள். 8 கொடுத்தால் என்ன வரவேண்டும்? 40320. பழைய 2 பைட் கணினியில் -25216 என்று வரும். ஒன்றிலிருந்து எட்டு வரை நேர்ம எண்களைப் பெருக்கிக் குறை எண் வந்தால் உங்கள் ஏழாம் வகுப்புப் பிள்ளையே கேள்வி கேட்கும். இன்றைய 4 பைட் கணினியில் 12 வரை சரியாக வரும், 13-ல் வழுக்கும். ஆனால் இந்தத் தடவை குறை எண்கூட வராது, 1932053504 என்று பார்ப்பதற்கு நல்ல பிள்ளை மாதிரி ஒரு எண் வந்து நிற்கும். நான் பார்த்தவரை பத்தில் எட்டுப் பேர் அதை அப்படியே விடையாக எழுதிவிடுவார்கள். நீங்கள் எழுதமாட்டீர்கள், ஏனென்றால் 1 முதல் 13 வரை பெருக்கினால் அதில் 10 இருக்கிறது, தவிர ஒரு 5-ம் 2-ம் இருக்கின்றன, ஆக முடிவில் இரண்டு பூஜ்யம் வந்தே தீரவேண்டும். இது 4-ல் முடிகிறது. சரியான விடை 6227020800. கணினி பொய் சொல்கிறது என்று கடைசி இலக்கத்தைப் பார்த்தே கண்டுபிடிக்க உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரிய வேண்டியதில்லை டீச்சர்.

நல்ல புத்தகம் இந்தக் குழிக்குப் பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகும். எண்ணை வைக்கிற பாத்திரம் நிரம்பி வழிந்துவிட்டது, மேலே வழிந்ததைக் கொட்டிவிட்டு மிச்சத்தைக் காட்டுகிறது என்று சொல்லும். சுமாரான புத்தகம் 5-லேயே நின்றுகொண்டு பாதுகாப்பாகத் திரும்பிவிடும். நான் புத்தகம் வாங்கப் போனால் கடையில் நின்றபடியே இந்தப் பக்கத்தைத்தான் தேடுவேன், அதனால் புத்தகக் காட்சிகளில் என்னோடு வருகிற வீட்டுக்காரி நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில் பாதி மாலையை மிளகாய் பஜ்ஜி ஸ்டாலில் கழித்திருக்கிறாள்.

சி புத்தகத்தில் இன்னும் இரண்டு இடம், சட்டென்று சொல்லிவிடுகிறேன். ஒரே வரியில் ‘ஐ பிளஸ் பிளஸ்’, ‘பிளஸ் பிளஸ் ஐ’ என்று இரண்டையும் போட்டுக் கூட்டினால் விடை என்ன என்று கேட்டு, விடையையும் கொடுத்திருந்தால், அந்த ஆசிரியர் மொழியின் விதியைப் படிக்கவில்லை. அதற்கு விடை இது என்று மொழி வரையறுக்கவே இல்லை, ஒவ்வொரு கருவியும் ஒவ்வொன்று சொல்லலாம். இன்னொன்று, நிரலை ஓட்டுபவர் அடிக்கும் வரியை உள்ளே வாங்க ‘கெட்ஸ்’ என்ற கட்டளையைச் சொல்லிக் கொடுத்திருக்கிறாரா? எவ்வளவு நீளம் வந்தாலும் அளவு பார்க்காமல் வாங்கிக் கொட்டிக்கொள்ளும் கட்டளை அது. 1988-ல் இணையத்தின் ஒரு பகுதியை முடக்கிய மாரிஸ் புழு (கணினிக்குக் கணினி தானே பரவும் நிரல்) உள்ளே நுழைந்த வழிகளில் அதுவும் ஒன்று. 2011-ல் வந்த சி தரநிலை அதை மொழியிலிருந்தே எடுத்துவிட்டது. உங்கள் 120 ரூபாய்ப் புத்தகத்தில் 47-ம் பக்கத்தில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது.

அடுத்து பைத்தான். முப்பதே நாளில் என்று போட்டதற்காக நான் கோபப்படவில்லை, விற்கவேண்டுமே. ஆனால் படத்தில் ‘பிரின்ட்’ என்று எழுதிவிட்டு அடைப்புக்குறி இல்லாமல் நேரே வாக்கியத்தைப் போட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் அது பைத்தான் 2. மூன்றாம் பதிப்பு 2008 டிசம்பரிலேயே வந்துவிட்டது, இரண்டாம் பதிப்புக்கான ஆதரவை 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டார்கள். அடைப்புக்குறிப் பிரச்சினை பெரிதில்லை, கணினியே திட்டிவிடும், பிள்ளை திருத்திக்கொள்ளும். திட்டாமல் மாறுகிற இடம்தான் வில்லங்கம். 7-ஐ 2-ஆல் வகுத்தால் பழைய பைத்தானில் 3, புதிய பைத்தானில் 3.5. புத்தகத்தில் 3 என்று இருக்கும், திரையில் 3.5 வரும், இரண்டில் எது சரி என்று உங்களிடம் வந்து கேட்பார்கள். இந்தப் புத்தகத்தைப் பழைய பேப்பரோடு போட்டுவிடுங்கள், யாருக்கும் தானமாகக் கொடுக்க வேண்டாம்.

பைத்தானுக்கு உங்களிடம் ஏற்கெனவே இருப்பது போதும். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் இப்போதைய +1 கணினி அறிவியல் நூலில் சி பிளஸ் பிளஸ், +2 நூலில் பைத்தான். தமிழ் வழி நூல், ஆங்கில வழி நூல் இரண்டும் அரசுத் தளத்தில் பிடிஎஃப்பாக இலவசமாகவே கிடைக்கும். இரண்டையும் அருகருகே திறந்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நான்கு பேரில் தமிழ் வழியில் படித்தவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்கு இது பெரிய உபகாரம். மாறி, மடக்கு, செயற்கூறு என்று பள்ளியில் படித்ததைக் கல்லூரியில் வேரியபிள், லூப், ஃபங்ஷன் என்கிறபோது அது வேறு ஏதோ புதுச் சரக்கு என்று மிரண்டுபோன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். பரிட்சைக்கு ஆங்கிலச் சொல் தேவை, புரிவதற்குத் தமிழ்ச் சொல் உதவும். ‘மடக்கு’ என்றால் உங்களுக்கு உடனே மடக்கி மடக்கிச் சொல்வது ஞாபகம் வரும் இல்லையா, ஆங்கிலத்தில் அந்தப் பிள்ளைக்கு அப்படி எதுவும் வராது.

பைத்தான் புத்தகம் எதுவானாலும், அரசு நூலானாலும் சரி, இரண்டு இடத்தில் சோதித்துப் பாருங்கள். ஒன்று கணக்கு. 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டச் சொல்லுங்கள். 0.30000000000000004 என்று வரும். பத்தில் ஒன்றை, 0-ம் 1-ம் மட்டும் உள்ள இரண்டடிமான எண்ணில் முடிவில்லாமல் எழுதிக்கொண்டே போகவேண்டும், நாம் மூன்றில் ஒன்றை 0.333 என்று இழுப்பது போல, எங்கேயாவது வெட்டித்தான் ஆகவேண்டும். இதை நீங்கள் ஐந்து நிமிடத்தில் பலகையில் போட்டு விளக்கிவிடுவீர்கள். புத்தகம் இந்தப் பேச்சையே எடுக்காமல் ரூபாய் பைசாக் கணக்கைத் தசம எண்ணில் போடச் சொன்னால் ஒரு கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தமிழ். சரத்தின், அதாவது எழுத்துகளைக் கோத்த தொடரின் நீளம் கண்டுபிடிக்க ‘லென்’ என்று ஒரு கட்டளை, “எழுத்துகளின் எண்ணிக்கையைத் தரும்” என்று புத்தகம் சொல்லும். அதற்குள் ‘தமிழ்’ என்ற சொல்லைக் கொடுத்துப் பாருங்கள். மூன்று எழுத்து, சின்னக் குழந்தைக்கும் தெரியும். திரையில் 5 வரும். கணினி எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுத்து வைத்திருக்கும் யூனிகோடு முறையில் த ஒன்று, ம ஒன்று, அதன் தலையில் போட்ட இகரக் கொக்கி ஒன்று, ழ ஒன்று, மேலே வைத்த புள்ளி ஒன்று. அப்புறம் எல்லாப் புத்தகத்திலும் சொல்லைத் தலைகீழாகத் திருப்பும் பயிற்சி ஒன்று இருக்கும், ‘விகடகவி’ மாதிரி இருபக்கமும் ஒன்றாக வருகிறதா என்று பார்ப்பதற்கு. ‘தமிழ்’ என்பதைத் திருப்பச் சொன்னால் புள்ளி முன்னால் வந்து அந்தரத்தில் தொங்கும், இகரம் ம-வை விட்டுவிட்டு ழ-வோடு போய் ஒட்டிக்கொண்டு ‘ழிமத’ என்று நிற்கும். ‘விகடகவி’-யே ஒழுங்காகத் திரும்பாது, முதலில் ஒரு கொக்கி வந்து நிற்கும், போட்டுப் பார்த்துச் சிரித்துக்கொள்ளுங்கள். இதையெல்லாம் விளக்கவில்லை என்பதற்காக ஒரு ஆரம்பப் புத்தகத்தைத் தூக்கிப்போடச் சொல்லமாட்டேன். ஆனால் “ஒரு எழுத்து என்பது ஒரு பைட்” என்று அடித்துச் சொல்லும் புத்தகம், 128 குறிகள் மட்டும் இருந்த ஆஸ்கி என்ற பழைய எழுத்துப் பட்டியலின் காலத்தோடு நின்றுவிட்டது. யூனிகோடை பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் ‘தமிழ்’ என்ற அந்த ஒரு சொல்லுக்கு 15 பைட் ஆகும். தமிழ்ப் பிள்ளைகளுக்காகத் தமிழில் எழுதிய புத்தகம், எடுத்துக்காட்டில் ஒரு தமிழ்ச் சொல்லைக்கூடப் போட்டுப் பார்க்கவில்லை என்றால், ஆசிரியர் நிரல்களை ஓட்டிப் பார்த்து எழுதினாரா, வேறெங்கிருந்தாவது பெயர்த்து எழுதினாரா என்று எனக்குச் சந்தேகம் வரும்.

சரி, தகவல் தொடர்பு. 900 பக்கத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பொருளடக்கம் அனுப்பியிருந்தீர்கள், உருப்படியான புத்தகம் மாதிரிதான் தெரிகிறது. இந்தப் பாடத்தில் என் பழக்கம், கடைசி அத்தியாயத்தை முதலில் படிப்பது. ‘எதிர்காலத் தொழில்நுட்பங்கள்’ என்று ஒன்று கண்டிப்பாக இருக்கும். அட்டையில் திருத்திய பதிப்பு என்று எந்த வருடம் போட்டிருந்தாலும், ஆசிரியர் கடைசியாக உட்கார்ந்து எழுதிய வருடம் அங்கே தெரிந்துவிடும். என்னிடம் பேஜரை எதிர்காலம் என்று சொல்லும் புத்தகம் ஒன்று இருக்கிறது, அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். நம் நாட்டில் 5ஜி 2022 அக்டோபர் 1-ல் தொடங்கிவிட்டது, உங்கள் புத்தகத்தில் 4ஜி ‘வரவிருக்கிறது’ என்று இருந்தால் அலைபேசி பற்றிய அத்தியாயங்களை மட்டும் விட்டுவிடுங்கள். முழுப் புத்தகத்தையும் விடத் தேவையில்லை. இந்தத் துறையில் பாதி பழசாகும், பாதி பழசாகாது. ஒரு தடத்தில் எவ்வளவு செய்தி அனுப்ப முடியும் என்று ஷானன் என்ற கணித அறிஞர் 1948-ல் எழுதிய கணக்கு இன்றைக்கும் அப்படியே நிற்கிறது, மடக்கை தெரிந்த உங்களுக்கு அது ஒரு வரிச் சூத்திரம்தான்.

பழசாகாத பகுதியில் ஒரு எண்ணைப் பிடித்துச் சோதிக்கலாம். தொலைபேசிக் குரலை எண்ணாக மாற்றினால் விநாடிக்கு 64,000 பிட் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். எங்கிருந்து வந்தது 64,000? பேச்சுக்குத் தொலைபேசி விடும் அதிர்வெண் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை, கொஞ்சம் இடம் விட்டு 4000 என்று வைத்துக்கொள்கிறார்கள். எந்த அலையையும் அதன் உச்ச அதிர்வெண்ணுக்கு இரண்டு மடங்கு வேகத்தில் தொட்டு அளந்து பார்த்தால் திரும்ப வரைந்துவிடலாம் என்பது விதி, ஆக விநாடிக்கு 8000 தடவை. ஒவ்வொரு தடவையும் 8 பிட். பெருக்கிக்கொள்ளுங்கள். நான் எக்ஸ்சேஞ்ச் மென்பொருளில் வேலை பார்த்தபோது இந்த 8000 என்பது மூச்சு மாதிரி, எல்லாக் கடிகாரமும் அதற்குத்தான் ஓடும். புத்தகம் இந்தப் படிகளைக் காட்டினால் வைத்துக்கொள்ளலாம். 64,000 என்று மட்டும் கட்டம் கட்டிப் போட்டிருந்தால் அது இரண்டு மார்க் கேள்விக்காக எழுதியது.

இன்னொரு இடம், ‘வேகம்’ என்ற சொல். நம் ஊரில் இணைய வேகம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறோம், அதில் இரண்டு வேறு சமாச்சாரம் கலந்திருக்கிறது. உங்கள் வீட்டில் 100 எம்பிபிஎஸ் திட்டம் என்றால் அது பிட் கணக்கு, எட்டால் வகுத்தால் விநாடிக்கு 12.5 மெகாபைட், ஆயிரம் மெகாபைட் படம் ஒன்று இறங்க எந்தத் தடங்கலும் இல்லாவிட்டாலும் 80 விநாடி ஆகும். இது குழாயின் அகலம். ஒரு துளி இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும் என்பது வேறு. சென்னையிலிருந்து அந்தமான் தீவுகளுக்குக் கடலுக்கடியில் ஒளியிழைக் கேபிள் போட்டு 2020 ஆகஸ்டில் திறந்தார்கள், தீவுகளையெல்லாம் சேர்த்து மொத்தம் ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும், ஆகவே அந்த முழு நீளத்தையும் ஓடிக் கடந்தாலும் 11.5 மில்லி விநாடிதான். அதற்கு முன்பு அங்கே செயற்கைக்கோளை நம்பித்தான் இருந்தார்கள். தலைக்கு மேல் நின்ற இடத்தில் நிற்பது போலத் தெரியும் செயற்கைக்கோள் ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது, மேலே போய்க் கீழே வர 72,000, வெளியில் ஒளி வேகம் 3 லட்சம், கால் விநாடிக்குக் கொஞ்சம் குறைவு. இங்கே ஹலோ என்றால் அங்கிருந்து ஹலோ திரும்பி வர அரை விநாடி, அதற்குள் இந்தப் பக்கம் இருப்பவர் இன்னொரு ஹலோ சொல்லியிருப்பார். குழாயை எவ்வளவு அகலமாக்கினாலும் இந்தத் தாமதம் போகாது. இரண்டையும் பிரித்துச் சொல்கிற புத்தகம் இருந்தால் விடாதீர்கள். ‘வேகம்’ என்ற ஒரே சொல்லை இரண்டுக்கும் போட்டுக் குழப்புகிற புத்தகத்தில், பக்கவாட்டில் பென்சிலால் நீங்களே எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

கணினிகள் ஒன்றோடொன்று பேசும் வேலையை ஏழு படியாகப் பிரித்துக் காட்டும் ஓஎஸ்ஐ ஏழு அடுக்கு பற்றி நீங்கள் தனியாகக் கேட்டிருக்கிறீர்கள், “ஏழையும் வரிசையாக மனப்பாடம் செய்ய ஆங்கிலத்தில் பீட்சாவை வைத்து ஒரு வாக்கியம் சொல்கிறார்கள், இது அவசியமா” என்று. பரிட்சைக்கு அவசியம். ஆனால் இன்றைய இணையம் ஓடுவது டிசிபி ஐபி என்ற விதிமுறையில், அது 1983 ஜனவரி 1-லேயே இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டில் நடைமுறைக்கு வந்துவிட்டது, ஓஎஸ்ஐ மாதிரி தரநிலையாக வெளியானது 1984-ல். ஏழு அடுக்கு என்பது பேசிக்கொள்ள வசதியான ஒரு வரைபடம், அவ்வளவுதான். வரைபடத்தை ஏழு கட்டம் போட்டு விட்டுவிட்டாரா, அல்லது ஒரு பிள்ளை பெரம்பூரில் போனில் ஒரு பக்கத்தைத் திறந்தால் அந்தக் கோரிக்கை எங்கெங்கே போய், யார் யார் உறை போட்டு, எங்கே உறை பிரிந்து திரும்பி வருகிறது என்று ஒரே ஒரு தகவல் பொட்டலத்தின் (பாக்கெட்) கூடவே நடந்து காட்டியிருக்கிறாரா என்று பாருங்கள். அதேபோல ஐபி முகவரியை, அதாவது இணையத்தில் ஒரு கணினியைக் குறிக்கும் எண்ணை, ஏ, பி, சி வகுப்பு என்று பிரிப்பதை இன்றைய நடைமுறை என்று சொன்னால், 1993-லேயே அந்த முறையைக் கைவிட்டார்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். கேள்வித்தாளில் இன்னும் வரும், அதனால் படிக்கத்தான் வேண்டும், படிக்கும்போது பழைய கதை என்று தெரிந்து படிக்கட்டும்.

பயிற்சிக் கேள்விகளைப் பாடத்துக்கு முன்னால் படியுங்கள், கணக்குப் புத்தகத்துக்கு நீங்கள் அப்படித்தான் செய்வீர்கள் என்று நினைக்கிறேன். எல்லாம் ‘வரையறு, பட்டியலிடு, படம் வரைந்து பாகம் குறி’ என்று இருந்தால் அந்த அத்தியாயத்தில் யோசிக்க ஒன்றுமில்லை. “ஹெட்போன் மாட்டாமல் பழைய போனில் எஃப்எம் ஏன் எடுப்பதில்லை?” என்று ஒரு கேள்வி இருந்தால் எனக்கு அந்த ஆசிரியரைப் பிடித்துவிடும். சென்னையில் வானொலியின் ரெயின்போ 101.4 மெகாஹெர்ட்ஸ். 300-ஐ அதனால் வகுத்தால் அலைநீளம் கிட்டத்தட்ட 3 மீட்டர், அதில் கால்வாசி முக்கால் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அந்த நீளத்துக்கு ஒரு ஆன்டெனாவைப் போனுக்குள் எங்கே வைப்பது, அதனால் ஹெட்போன் வயரையே ஆன்டெனாவாக எடுத்துக்கொள்கிறது. பாலிடெக்னிக் பையனிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

கைடை வைத்து நிறையப் பேர் கிண்டல் செய்வார்கள், நான் செய்யமாட்டேன். அந்தக் கைடு இல்லாமல் செமஸ்டர் தாண்டுவது கஷ்டம், உங்கள் பிள்ளைகளுக்குத் தேர்ச்சியும் வேண்டும். பரிட்சைக்கு மூன்று வாரம் முன்னால் அதைக் கையில் கொடுங்கள், அதுவரை பீரோவில் இருக்கட்டும். அதில் நிரல் விடைகளை மட்டும் ஓட்டிப் பார்க்காமல் மனப்பாடம் செய்யவிடாதீர்கள், நீங்கள் அனுப்பிய இரண்டு பக்கத்திலேயே மூன்று இடத்தில் அரைப்புள்ளி விட்டுப்போயிருக்கிறது.

சி புத்தகத்துக்குப் பதில் என்ன வாங்குவது என்று கேட்டீர்கள். பெயர் சொன்னால் அதையே போய் வாங்கி வருவீர்கள், உங்கள் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்துக்கு அது பொருந்துமா என்று எனக்குத் தெரியாது. அதைவிட ஒரு சனிக்கிழமை பிள்ளைகள் நான்கு பேரையும் கூட்டிக்கொண்டு பறக்கும் ரயிலில் கோட்டூர்புரம் போய் இறங்குங்கள், அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் இந்தத் துறைக்கு அலமாரி அலமாரியாகப் புத்தகம் இருக்கிறது. ஆளுக்கு இரண்டு சி புத்தகத்தை எடுக்கச் சொல்லி, முதல் நிரல், இன்ட் அளவு, ஃபாக்டோரியல், கெட்ஸ், இந்த நான்கு பக்கத்தை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். நான்கிலும் தேறினதை அப்புறம் பாடத்திட்டத்தோடு ஒப்பிட்டு விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். எட்டில் இரண்டு தேறினால் அதிர்ஷ்டம். பழைய புத்தகத்தையும் உடனே விற்றுவிட வேண்டாம், பாயின்டர் அத்தியாயத்தின் படங்களைப் பார்த்தேன், கையால் வரைந்தது போல அவ்வளவு அழகாக இருக்கிறது. அந்த ஒரு அத்தியாயத்துக்கு 120 ரூபாய் தகும்.

கணினி வாங்க வேண்டுமா என்ற கேள்விக்கு, இப்போதைக்கு வேண்டாம். ஒரு பிள்ளையின் அக்காவுக்குப் பள்ளியில் கிடைத்த அரசு லேப்டாப் வீட்டில் சும்மா கிடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, சி-யும் பைத்தானும் ஓட அது தாராளம். பேட்டரி நிற்கவில்லை என்றால் ரிச்சி தெருவில் மாற்றிக்கொள்ளலாம், பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள், மாடல் எண் அதன் அடியில்தான் இருக்கும்.

முதல் வகுப்பில் ஃபாக்டோரியல் நிரலைப் போட்டு 13 கொடுங்கள். சி-யில் ஒரு தடவை, பைத்தானில் ஒரு தடவை. விடை இரண்டும் வேறு வேறாக வரும், எது சரி என்று நீங்கள் சொல்லிவிடாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள்.